நிறத்துக்குப் பட்டா உண்டா?

(புதுச்சேரி, கனகசெட்டிக்குளம் கடற்கரை மேடையில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "ஒரு நிறத்தை ஒரு நிறுவனம் தனக்கே சொந்தம் என்று கொண்டாட முடியுமா, முடியாதா?" 'முடியாது' அணியின் இரண்டாம் பேச்சாளர் உரை.)

நடுவர் அவர்களே! இவ்வளவு நேரம் கர்ஜித்துவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர் அவர்களே! என் அணித் தோழர்களே! வலையை உலர்த்திப் போட்டுவிட்டு, எங்களுக்காக மணலில் வந்து உட்கார்ந்திருக்கும் கனகசெட்டிக்குளத்துப் பெரியோர்களே, தாய்மார்களே! காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்து பின்வரிசையில் விசிலடித்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களே!

எதிரணி நண்பர் என்ன சொன்னார்? "உழைச்சவன் ஒரு நிறத்தைப் பிரபலப்படுத்தினா அந்த நிறம் அவனுக்குத்தான் சொந்தம்"னு அடிச்சுச் சொன்னார். நல்லது. நான் அவர் போட்டிருக்கிற சட்டையைப் பார்த்தேன். ஊதாச் சட்டை. ஐயா, அவர் சொல்ற நியாயப்படி பார்த்தா அந்தச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போகணும். (சிரிப்பு) ஏன்னா ஊதாவுக்கு ஒருத்தர் ஏற்கெனவே துண்டு போட்டு வச்சிருக்கார். காட்பரி கம்பெனி 2004ல் இங்கிலாந்தில் அந்த ஊதாவைச் சாக்லேட்டுக்குத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யணும்னு விண்ணப்பம் போட்டது. நெஸ்லே கம்பெனி எதிர்த்தது. கடைசியில் 2013ல் அந்த நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், "நீங்க கேட்கிறது எதுன்னே தெளிவா இல்லையே"ன்னு சொல்லி மறுத்துவிட்டது. பிறகு 2022ல் வேற விண்ணப்பங்களில் கொஞ்சம் கதவு திறந்தது. ஒரு சாக்லேட் காகிதத்துக்கு இத்தனை வருஷ வழக்கு!

நடுவர்: சாக்லேட்டுக்குத்தானே அம்மா கேட்டாங்க? சட்டைக்கு இல்லையே?

அதைத்தான் நானும் சொல்ல வர்றேன் ஐயா. நீங்களே எடுத்துக் கொடுத்துட்டீங்க. (கைதட்டல்)

சட்டம் எங்கேயும் "ஊதா உனக்கு" என்று சொல்லவில்லை. "இந்தப் பொருளுக்கு, இந்த விதமா, இந்த இடத்துல" என்றுதான் சொல்கிறது. இரயிலில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம். போய்ச் சேருகிற வரைக்கும் அந்த இடம் நமக்குத்தான். அதுக்காக இரயிலே எனக்குச் சொந்தம்னு யாராவது சொன்னா விடுவீங்களா? எதிரணி நண்பர் துண்டைக் காட்டி இரயிலைக் கேட்கிறார்.

அவர் பெரிய வாதமாக வைத்தது பல்பொடி வழக்கு. அதை நான் ஒதுக்கமாட்டேன். நேர்மையா ஒத்துக்கறேன், அது பலமான வாதம். 2003 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றத்தில் கோல்கேட்டும் ஆங்கரும் மோதின வழக்கு. கோல்கேட் பல்பொடி டப்பாவில் மூணில் ஒரு பங்கு சிவப்பு, மூணில் ரெண்டு பங்கு வெள்ளை, அந்த வரிசையில். ஆங்கர் டப்பாவும் சிவப்பு வெள்ளையில் வந்தது. பெயர் வேற, ரெண்டு பெயருக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. ஆனாலும் நீதிமன்றம் தடை கொடுத்தது. காரணம் என்ன? எழுதப் படிக்கத் தெரியாத ஒரு ஏழை கடைக்குப் போனா எழுத்தைப் பார்க்கமாட்டா, டப்பாவின் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குவா, அவ ஏமாந்துடக் கூடாது. இதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

எங்க பாட்டி அப்படித்தான். "அந்தச் செவப்பு டப்பாவ வாங்கியா"ன்னுதான் சொல்லுவாங்க. கடைசி வரைக்கும் அந்தக் கம்பெனிப் பேர் அவங்க வாயில் வந்ததே இல்லை. ஆகவே அந்தத் தீர்ப்பு சரி. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தத் தீர்ப்பு காப்பாற்றியது யாரை? கம்பெனியையா, பாட்டியையா? பாட்டி ஏமாறக் கூடாது என்பதற்காகக் கம்பெனிக்குக் கிடைத்த பாதுகாப்பு அது. பாட்டியை முன்னால் நிறுத்தி வாங்கிய உரிமையை வீட்டுக்குக் கொண்டுபோய் "இது எங்க பரம்பரைச் சொத்து"ன்னு பீரோவில் வைக்கிறதுதான் இன்றைக்கு நடக்கிறது. (கைதட்டல்)

நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பை இந்த ஊரில் பேச வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சரியான மண்ணில்தான் நிற்க வைத்திருக்கிறீர்கள். உலகத்தில் ஒரு நிறத்துக்காகக் கப்பல் கப்பலாகப் பணம் கைமாறிய ஊர் எது? பாரீஸ் இல்லை, இலண்டன் இல்லை. இதோ, இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் வருகிற நம்ம புதுச்சேரி!

பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து போன நீலத் துணிக்கு "கினே" என்று பெயர். அவுரிச் சாயத்தில் தோய்த்தெடுத்த பருத்தித் துணி. அது புதுச்சேரியில் இருந்து பிரான்சுக்குப் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுக்குப் போகும். செனகல் ஆற்றங்கரையில் அந்தத் துணியைக் கொடுத்தால் வேல மரத்துப் பிசின் கிடைக்கும். பிசின் எதற்கு? பிரான்சில் துணி ஆலைகளுக்கு வேணும். நம்ம துணி அங்கே துணியா மட்டும் இல்லை, காசாகவே புழங்கியது. கூலி வேணுமா, கினே. விலை பேசணுமா, கினே. நம்ம ஊர்ச் சாயக்காரன் தோய்த்த நீலம் இன்னொரு கண்டத்தில் ரூபாய் நோட்டு! (பலத்த கைதட்டல்)

இப்ப கேளுங்க. இப்படி ஒரு பொருள் ஓடினா பக்கத்துக் கடைக்காரன் சும்மா இருப்பானா? பிரான்சிலேயே ரூவான் நகரத்து ஆலைக்காரர்கள் அதே நீலத்தில் துணி போட்டு அனுப்பிப் பார்த்தார்கள். ஆலைத் துணி, பார்க்க அழகா இருக்கும். அங்கே இருந்த வியாபாரி என்ன செய்தான் தெரியுமா? கையில் எடுத்தான், தடவிப் பார்த்தான், மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பார்த்தான். "இது அது இல்லை"ன்னு வச்சுட்டான். நிறம் இருந்துச்சு, வாசனை இல்லை! நம்ம வீட்டுல மீன் வாங்குற அம்மாக்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பாங்களே, அதே கண்ணு, அதே மூக்கு. (சிரிப்பு)

பிரெஞ்சு அரசாங்கம் என்ன செய்தது? 1843ல் ஒரு ஆணை போட்டது. நீலம் புதுச்சேரிக்குச் சொந்தம், வேற எவனும் நீலத்தைத் தொடக் கூடாதுன்னா போட்டது? இல்லை. துணி இன்ன அளவில், இன்ன தரத்தில் இருக்கணும், முத்திரை இருக்கணும். பொருளைக் கட்டுப்படுத்தினார்களே ஒழிய, நிறத்துக்கு வேலி போடவில்லை. எதிரணி நண்பரிடம் கேட்கிறேன். நீலத்தை வைத்தே வாழ்ந்த ஊருக்கே நீலம் சொந்தமில்லை என்றால், நேற்று வந்த பிஸ்கட் கம்பெனிக்கு மஞ்சளும் நீலமும் எப்படி ஐயா சொந்தமாகும்?

பிஸ்கட் என்றதும் அவர் நிமிர்ந்து பார்க்கிறார். ஆமாம், அந்த வழக்கையும் அவர்தான் சொன்னார், பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்றேன். ஐ.டி.சி. கம்பெனி 2016 பிப்ரவரியில் மஞ்சளும் நீலமுமாக ஒரு சர்க்கரை சேர்க்காத பிஸ்கட் போட்டது. சில மாதத்தில் பிரிட்டானியாவும் மஞ்சள் நீலத்தில் ஒன்று கொண்டுவந்தது. தில்லி உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி 2016 செப்டம்பரில் ஐ.டி.சி. பக்கம் உத்தரவு போட்டார். இங்கேதான் நண்பர் நிறுத்தினார். 2017 மார்ச்சில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. பெயர் வேறு, நிறம் வேறு. நிறம் பிறவியிலேயே யாருக்கும் அடையாளமாக இருப்பதில்லை, பல நாள் புழங்கி மக்கள் மனதில் ஊறினால்தான் அடையாளமாகும், சில மாத விற்பனையில் அது வராது என்பது அவர்கள் கருத்து. அதாவது, பட்டா கொடுக்கிற அதிகாரி யாரு? தாசில்தார் இல்லை. வாங்குகிற மக்கள்!

சட்டப் புத்தகத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம், நீளமா இழுக்கமாட்டேன். நம் நாட்டு வணிகச் சின்னச் சட்டம் 1999ல் வந்தது, 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் 'சின்னம்' என்பதற்குப் பொருள் சொல்லும்போது பெயர், எழுத்து, உருவம் எல்லாம் சொல்லிவிட்டு, "நிறங்களின் சேர்க்கை" என்று போட்டிருக்கிறது. நிறங்கள்! பன்மை! ஒத்தை நிறம்னு அதில் இல்லை. செருப்பின் அடிப்பாகம் முழுக்கச் சிவப்பாகப் போடுகிறாரே கிறிஸ்தியான் லூபுத்தான் என்கிற பிரெஞ்சுக்காரர், அவர் வழக்கு தில்லிக்கு வந்தது. 2017 டிசம்பரில் ஒரு நீதிபதி அவருக்குச் சாதகமாகச் சொன்னார். 2018 மே மாதம் அதே நீதிமன்றத்தில் இன்னொரு நீதிபதி, "சட்டத்தில் சேர்க்கை என்று இருக்கு, ஒரே நிறத்தை எப்படிக் கேட்கிறீங்க?"ன்னு திருப்பி அனுப்பினார். ஆறு மாசத்துக்குள்ள ஒரே கட்டடத்தில் ரெண்டு பதில். ஆக, எதிரணி நண்பர் "சட்டம் எங்க பக்கம்"னு மேசையைத் தட்டினாரே, மேசைக்குத்தான் வலிச்சிருக்கும். (சிரிப்பு)

அமெரிக்காவில் இடம் கொடுத்திருக்கிறார்கள், மறைக்கமாட்டேன். 1995ல் குவாலிடெக்ஸ் என்ற கம்பெனிக்கு அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே, ஒற்றை நிறமும் வணிகச் சின்னம் ஆகலாம் என்று சொன்னது. எதற்கு? சலவைக் கடை இஸ்திரி இயந்திரத்தின் மேல் போடுகிற மெத்தை. பச்சையும் பொன்னும் கலந்த ஒரு நிறம். ஆனால் அங்கேயும் ஒரு கொக்கி வைத்தார்கள். அந்த நிறத்தால் பொருளுக்கு ஏதாவது வேலை நடக்குதுன்னா, உரிமை கிடையாது. இந்தக் கொக்கி ரொம்ப முக்கியம்.

எங்க பாட்டி கதைக்கே திரும்பி வர்றேன். அவங்க சர்க்கரை வியாதிக்காரங்க. "காலையில வெள்ளை, ராத்திரி மஞ்சள்" இதுதான் அவங்க மருத்துவம். ஒருநாள் மருந்துக் கடையில் அதே மருந்து, வேற கம்பெனி. மஞ்சள் இல்லை, ரோஸ். பாட்டி சாப்பிடவே மாட்டேன்னுட்டாங்க. ரெண்டு நாள். "என்னைக் கொல்லப் பாக்குறியா"ன்னு கேட்டாங்க. இப்போ யோசிங்க. மாத்திரையின் மஞ்சள் ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தம் என்று ஆகிவிட்டால், அதே மருந்தைச் செய்கிற மற்றவன் எல்லாம் வேற வேற நிறத்தில்தான் போடணும். குழம்பிப் போறது யாரு? 2007ல் சிப்லா கம்பெனி தன் ஆரஞ்சு நிற மாத்திரைக்காகப் போன வழக்கில், மருந்தை நிறத்தைப் பார்த்து வாங்குவதில்லை, பெயரைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள் என்று சொல்லி நீதிமன்றம் மறுத்தது. முடிவு எனக்குச் சம்மதம். காரணம்தான் இடிக்குது. நீதிபதி அவர்கள் எங்க பாட்டியைப் பார்த்ததில்லை. (சிரிப்பு)

எதிரணியில் முதலில் பேசிய அம்மா, ஈவ் க்ளைன் என்ற பிரெஞ்சு ஓவியர் ஒரு நீலத்துக்கே காப்புரிமை வாங்கிவிட்டார் என்றார்கள். உலகமே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது. நடந்தது வேற. 1960ல் அவர் பிரான்சில் ஒரு உறையைப் பதிவு செய்தார். "சோலோ உறை" என்று பெயர். ஒரு விஷயத்தை இன்ன தேதியில் நான் கண்டுபிடித்தேன் என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அவர் கண்டுபிடித்தது நீலப் பொடியின் மினுமினுப்பு மங்காமல் ஒட்டவைக்கிற பசைக் கலவை. கலவை அவருடையது. நீலம்? அது இதோ, இருட்டிப் போனதால் உங்களுக்குத் தெரியவில்லை, எனக்குப் பின்னால் அலையடித்துக்கொண்டிருக்கிறது. (கைதட்டல்)

அவுரி நீலம் எப்படி வருது தெரியுமா? திண்டிவனம், விழுப்புரம் பக்கம் இன்றைக்கும் அவுரி பயிராகிறது. இலை பச்சை. ஊறப்போட்டு, அடித்து, வண்டலை எடுத்துச் சாயத்தொட்டி வைப்பார்கள். துணியை முக்கி எடுத்தால் முதலில் நீலமே இருக்காது. மஞ்சளும் பச்சையுமா இருக்கும். காற்று பட்ட பிறகுதான் கண் முன்னாலேயே நீலமாக மாறும். அப்படிப் பார்த்தா அந்த நீலத்துக்குக் காத்துகூட உரிமை கேட்கலாம். 1897ல் ஜெர்மனியில் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி அதே நீலத்தை ஆலையில் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது. அவுரி விவசாயம் சாய்ந்தது. அவர்கள்கூடச் செய்முறைக்குத்தான் காப்புரிமை வைத்திருந்தார்கள். காப்புரிமைக்கு ஆயுசு உண்டு; இன்றைய நம் சட்டத்தில் 20 வருஷம். அப்புறம் ஊருக்குப் பொது. ஆனா வணிகச் சின்னம்? 10 வருஷத்துக்கு ஒருமுறை பணம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போகலாம், சூரிய சந்திரர் உள்ளவரை! மூளையைக் கசக்கி ஒரு மருந்து கண்டுபிடித்தவனுக்கு 20 வருஷம். டப்பாவுக்கு வண்ணம் அடித்தவனுக்கு யுகயுகமா? இது என்ன கணக்கு?

"நிறத்துக்கா பஞ்சம்? ஆயிரக்கணக்கில் இருக்கே, ஆளுக்கொன்னு எடுத்துக்கலாமே"ன்னு கேட்டார் நண்பர். அவர் புடவைக் கடைக்குப் போனதில்லை, அல்லது போய் வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறார். (சிரிப்பு) கிளிப்பச்சை, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், வெங்காயத்தோல், அரக்கு. எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு எல்லாமே "பச்சை". அந்தக் கண்ணை வச்சுக்கிட்டு ஆயிரம் நிறம் என்ன, பத்து நிறத்தைப் பங்கு போட்டாலே சண்டை வரும். எம்.எஸ். ப்ளூன்னு ஒரு நிறம் இருக்கு. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா உடுத்தினதால் வந்த பெயர். காஞ்சிபுரத்து நெசவிலிருந்து வந்த நீலம். இன்றைக்கு எந்தப் பட்டுக்கடையிலும் அந்தப் பெயரைச் சொன்னால் எடுத்துப் போடுகிறார்கள். யாருக்கும் அது சொந்தமில்லை, அதனால்தான் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கு.

(மணி)

ஐயா, இரண்டே நிமிஷம். இதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்குத் தூக்கம் வராது.

எங்க சித்தப்பா வீட்டுக் கொல்லையில் துணி சோப்பு போட்டவர். நாலு பெண்கள் வேலை செய்தார்கள். சோப்புக் காகிதம் ரெண்டு நிறம். எந்த நிறம்னு சொல்லமாட்டேன், சொன்னா எந்தக் கம்பெனின்னு கண்டுபிடிச்சுடுவீங்க. ஒருநாள் தில்லியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. "எங்கள் நிறச் சேர்க்கையை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். உடனே நிறுத்தவும். நஷ்ட ஈடு தரவும்." சித்தப்பா பெயரைப் பெரிசா, தமிழில் போட்டிருந்தார். பக்கத்தில் கோயில் கோபுரப் படம் வேற. சட்டத்தின் 134ஆவது பிரிவுப்படி, பதிவு செய்த சின்னத்துக்காக வழக்குப் போடுகிறவன் தன் தொழில் நடக்கிற ஊரிலேயே போடலாம். சித்தப்பா ஒவ்வொரு வாய்தாவுக்கும் தில்லி போகணும். ஒரு மாசச் சோப்பு வித்தாலும் ஒரு தடவை போய்வரக் காணாது. அவர் கோர்ட்டில் தோற்கவில்லை ஐயா. இரயில் டிக்கெட் கவுண்டரில் தோற்றார்.

காகிதத்தை மாற்றினார். வெறும் வெள்ளை. சந்தைக்குக் கொண்டுபோனா, வழக்கமா வாங்குற அம்மாக்கள், "உங்க சோப்பு வரலையா?"ன்னு அவர்கிட்டேயே கேட்டாங்க. சோப்பு கையில்தான் இருக்கு! நிறத்தைப் பார்த்து வாங்கிய ஏழைகள் என்று நண்பர் சொன்னாரே, அவர்கள் சித்தப்பாவின் வாடிக்கையாளர்களும்தான்.

எதிரணி இப்போ ஒன்று கேட்கும், நானே கேட்டுடறேன். பல வருஷம் கழிச்சு சித்தப்பாகிட்டக் கேட்டேன். "சித்தப்பா, உண்மையைச் சொல்லுங்க. அந்த நிறத்தை நீங்களாத்தான் போட்டீங்களா, பார்த்துப் போட்டீங்களா?" கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "ஒரு நிறம் நானாப் போட்டதும்மா. ரெண்டாவதை அதைப் பாத்துத்தான் சேர்த்தேன்" என்றார்.

நடுவர்: அப்ப தப்பு அவர் பேர்ல இருக்கேம்மா?

இருக்கு ஐயா. பாதித் தப்பு இருக்கு. அந்த ரெண்டாவது நிறத்தை எடுக்கச் சொல்லியிருந்தால் நியாயம். ஒரு வாங்குகிற அம்மாவாவது ஏமாந்தாளா என்று யாராவது சந்தையில் வந்து விசாரித்திருந்தால், அது சட்டம். யாரும் வரவில்லை, யாரும் கேட்கவில்லை. ரெண்டு நிறத்தையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஏன்? அது தங்கள் சொத்து என்று நினைத்தார்கள். சொத்து என்று நினைப்பவன் வேலியைத் தொட்டவனை எல்லாம் திருடன் என்றுதான் பார்ப்பான். அடையாளம் என்று நினைப்பவன், யாராவது ஏமாந்தார்களா என்று பார்ப்பான். நானும் எதிரணியும் பிரிகிற இடம் இதுதான் நடுவர் அவர்களே.

இந்த ஊர்ப் படகுகளைப் பார்த்தேன். 2008 மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம், எந்த மாநிலத்துப் படகு என்று தூரத்திலிருந்தே தெரியணும் என்பதற்காகக் கடலோர மாநிலங்களுக்கு ஒவ்வொரு நிறம் ஒதுக்கினார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், "ஐயா, இந்த நிறம் உங்களுக்கா சொந்தம்?"னு விளையாட்டாக் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெயிண்ட்டு டப்பா சொந்தம்மா, காசு குடுத்து வாங்கினேன்" என்றார். (பலத்த கைதட்டல்)

சித்தப்பா இப்போ சோப்பு போடுவதில்லை. வேலை செய்த நாலு பேரில் ஒரு அக்கா மட்டும் சொந்தமாகப் போடுகிறார். காகிதமே கிடையாது, வாழை நாரில் கட்டி, நாலு நாலாக விற்கிறார். அவரிடம் நோட்டீஸ் வந்தால் ஒட்டுவதற்குக்கூட இடமில்லை.

(மணி)

இறங்கிவிட்டேன் ஐயா.

(கைதட்டல்)